நாளைய உலகில் யாருடைய உயிர்?
எதிர்காலப் புனைவுகளில் மரணமும் பொதுநலத் தியாகமும்

எகிப்திய எழுத்தாளர் தௌஃபீக் அல்-ஹகீம் (1898–1987) 'மில்லியனாம் ஆண்டில்' என்றொரு சிறுகதை எழுதியிருக்கிறார். 1953இல் வெளிவந்த 'அரினீ அல்லாஹ்' எனும் தொகுதியில் அது இடம்பெற்றுள்ளது. பத்து இலட்சமாவது ஆண்டில் மனிதர்களுக்கு நோயில்லை, மூப்பில்லை, ஆகவே சாவும் இல்லை. சாவில்லாத இடத்தில் பிறப்புக்குத் தேவையில்லை என்பதால் குழந்தைகளும் இல்லை. காதல் என்பது என்னவென்று எவருக்கும் தெரியாது. இத்தகைய உலகில் நிலவியலாளர் ஒருவருக்கு மண்ணிலிருந்து ஒரு பொருள் கிடைக்கின்றது. நாம் அதனை மண்டையோடு என்போம். அவருக்கோ அதற்குப் பெயரில்லை. அது ஒரு காலத்தில் தம்மைப் போன்ற ஒருவரின் தலையாக இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு மெல்ல மெல்ல அவர் வந்து சேருகிறார். இருந்த ஒருவர் இல்லாமற்போதல் இயலும் எனும் அந்த ஒற்றை எண்ணம் அவ்வுலகில் ஒரு புதிய நம்பிக்கையாகப் பரவுகின்றது. அதிகாரம் அதனைக் கண்டு அஞ்சுகின்றது. மரணம் மீளும்போது அதன் கைப்பிடித்தே காதலும் கவிதையும் இறைநம்பிக்கையும் மீள்கின்றன.

கலைப்படைப்பு என்ற வகையில் இது ஒரு மெலிந்த கதைதான். ஹகீமின் பாத்திரங்கள் பெரும்பாலும் கருத்துகளுக்கு அணிவித்த சட்டைகளே. தமது நாடகங்களுக்கு 'மனத்தின் அரங்கு' என்று பெயரிட்டுக்கொண்ட எழுத்தாளரிடம் இரத்தமும் சதையுமான மாந்தரை எதிர்பார்ப்பதும் முறையன்று. எனினும் இக்கதையில் சொல்லப்படாமல் விடுபட்ட ஒன்றே என்னை மீண்டும் மீண்டும் இதன்பால் இழுத்து வருகின்றது. மரணம் போனதால் காதல் போயிற்று, கவிதை போயிற்று, வணக்கம் போயிற்று என்று ஹகீம் பட்டியல் தருகிறார். ஈகை போயிற்று என்று அவர் சொல்லவில்லை. சாவாத ஒருவர் மற்றொருவருக்காக எதனை இழக்க முடியும்? அழியாத உடம்பிலிருந்து எதனைக் கொடுக்க முடியும்?

இக்கேள்விக்குப் பாதி விடையை ஹகீமே நான்கு ஆண்டுகள் கழித்து எழுதினார். 'நாளையை நோக்கி ஒரு பயணம்' என்ற அவரது நாடகம் 1957இல் வந்தது. ஸ்புட்னிக் விண்ணில் ஏறியதும் அதே ஆண்டில்தான். நாடகம் சிறைக்கூடத்தில் தொடங்குகின்றது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட ஒரு மருத்துவர். தம்மிடம் சிகிச்சை பெற்ற ஒருவரை, அவருடைய மனைவியின் மீது கொண்ட காதலால் கொன்றவர். அவரிடம் ஒரு மாற்றுவழி முன்வைக்கப்படுகின்றது: தூக்குமேடைக்குப் பதிலாக, உயிருடன் திரும்பும் வாய்ப்பு மிக அரிதான ஒரு விண்கலத்தில் அறிவியலின் பொருட்டுச் செல்லலாம். கலத்தில் அவருடன் இன்னொரு கொலைக் குற்றவாளியும் இருக்கிறார். அவர் ஒரு பொறியியலாளர். தம் மாபெரும் திட்டத்துக்குப் பணம் வேண்டி, மணந்த மனைவியரைக் கொன்றவர். ஆக இரண்டு பேர். ஒருவர் காதலின் பெயராலும் மற்றவர் மானிட நன்மையின் பெயராலும் கொலை செய்தவர்கள். இருவரையும் மானிட நன்மைக்காகவே அரசு அனுப்பிவைக்கின்றது. இந்த முரண்நகையை ஹகீம் அதிகம் வற்புறுத்தவில்லை. வாசகர் தாமே கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்.

அவர்கள் விழும் கோளில் உடல் ஒருவகை மின்னாற்றலால் இயங்குகின்றது. பசி இல்லை, தாகம் இல்லை, சாவும் இல்லை. முதலில் வியப்பு, பிறகு சலிப்பு, இறுதியில் தாங்க முடியாத வெறுமை. அக்காட்சியை வாசிக்கையில் யர்மூக் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. 636இல் நிகழ்ந்த அப்போரில் குற்றுயிராய்க் கிடந்த ஒருவருக்குத் தண்ணீர் கொண்டுவரப்படுகிறது. அருகில் இன்னொருவரின் முனகல் கேட்கவே, அவருக்குக் கொடு என்று சைகை செய்கிறார். அவர் மூன்றாமவரைக் காட்டுகிறார். மூன்றாமவரிடம் செல்வதற்குள் அவர் இறந்துவிடுகிறார். திரும்பி வருவதற்குள் மற்ற இருவரும் இறந்திருக்கின்றனர். மரபு வரலாற்று நூல்கள் வழங்கும் இச்செய்தி நம் மேடைகளில் எத்தனையோ முறை சொல்லப்பட்டதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பயன்நோக்கில் கணக்கிட்டால் அந்தத் தண்ணீர் முற்றிலும் வீணாயிற்று. எவரும் பிழைக்கவில்லை. முதலாமவரே குடித்திருந்தால் ஓர் உயிராவது எஞ்சியிருக்கக் கூடும் என்று ஒரு நிருவாகி அறிக்கை எழுதலாம். 'ஈஸார்' என்று நாம் அழைக்கும் அப்பண்பு இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றது. அதற்கு வேண்டியவை இரண்டே: தாகம், பிறகு அத்தாகத்தைத் தாண்டி இன்னொருவரின் முனகலைக் கேட்கும் செவி. ஹகீமின் கோளில் தாகம் இல்லை. அங்கே எவரும் எவருக்கும் தண்ணீர் கொடுக்கவே முடியாது.

பயணிகள் பூமிக்குத் திரும்பும்போது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்திருக்கின்றன. குகைவாசிகளின் உறக்கத்தை அடியொற்றி 1933இல் 'அஹ்லுல் கஹ்ஃப்' எழுதியவர்தானே அவர். அந்தக் குகையையே இரும்பால் செய்து வானத்துக்கு அனுப்பியிருக்கிறார் எனலாம். புதிய பூமியில் உழைப்பு இல்லை, வறுமை இல்லை, ஆயுள் மிக நீண்டது, சலிப்போ அதனினும் நீண்டது. மருத்துவர் இறுதியில் மீண்டும் சிறையையே ஏற்கிறார். வழக்கமான திறனாய்வுகள் இவ்விறுதியை அறிவியலுக்கு எதிரான உணர்வின் குரல் என்று விளக்கி முடித்துவிடுகின்றன. எனக்கு நாடகத்தின் தொடக்கமே முக்கியமாகப் படுகின்றது. கழுத்தில் கயிறு இருக்கும்போது கேட்கப்படும் "சம்மதமா?" என்ற கேள்விக்கு என்ன மதிப்பு?

எதிர்காலத்தைப் பற்றிய புனைவுகள் நம் வாசகரிடையே இன்னும் சிறுவர் வாசிப்பாகவே கருதப்படுகின்றன. சுஜாதா எண்பதுகளில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதி, பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டியிருக்கும் ஓர் இந்தியாவைக் காட்டியபோதுகூட, பலருக்கு நினைவில் தங்கியது பேசும் இயந்திர நாய்தான். இவ்வகை எழுத்தில் பொழுதுபோக்கு மிகுதி என்பது உண்மையே. ஆயினும், பொதுநலன் என்ற சொல் ஒரு தனி மனிதரின் கழுத்தை எப்படிச் சுற்றிக்கொள்கிறது என்பதை ஆராயும் வாய்ப்பு இவ்வகையில் இருப்பதுபோல் வேறெங்கும் இல்லை. ஏனெனில் இங்கே எழுத்தாளரே சட்டங்களையும் இயற்றுகிறார்.

அவ்வாறு சட்டம் இயற்றியவர்களுள் முன்னோடி, நாம் சற்றும் எதிர்பாராத ஒருவர். ஆந்தனி டிரொலோப், விக்டோரியா காலத்து ஆங்கிலத் திருச்சபை வாழ்வையும் நாடாளுமன்ற அரசியலையும் பற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அஞ்சல் துறை அதிகாரி. 1882இல் நூலாக வெளிவந்த அவரது 'நிர்ணயிக்கப்பட்ட காலம்' 1980ஆம் ஆண்டில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்டது. நியூசிலாந்துக்கு அருகில் பிரிட்டானுலா என்ற தீவு. அங்குக் குடியேறியோர் எல்லாரும் இளையோர். அவர்களுடைய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றுகின்றது: எவரும் 67½ வயதுக்கு மேல் வாழலாகாது. முதுமையின் துன்பத்திலிருந்து தனிமனிதருக்கும், முதியோரைப் பராமரிக்கும் செலவிலிருந்து சமூகத்துக்கும் விடுதலை. உரிய வயதை எட்டியவர் சகல மரியாதைகளுடன் ஒரு மாளிகையில் சேர்க்கப்படுவார். உற்றார் வந்து பார்க்கலாம். தோட்டம் உண்டு, நூல்கள் உண்டு. குறித்த காலத்துக்குள் வலியின்றி உயிர் பிரிக்கப்படும்.

கதையைச் சொல்பவர் குடியரசுத் தலைவர் நெவர்பெண்ட். டிரொலோப்பின் நாவல்களில் பெயர்களே பாத்திரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 'வளையாதவர்' என்பது இப்பெயரின் பொருள். அவர் தீயவர் அல்லர் என்பதுதான் இந்நாவலின் வலிமை. மானிட குலத்துக்குப் பெரும் நன்மை செய்கிறோம் என்று உளமார நம்புகிறார். இச்சட்டத்தின்படி முதலில் மாளிகைக்குச் செல்ல வேண்டியவர் அவருடைய நெருங்கிய நண்பர் கிராஸ்வெல்லர். சட்டத்துக்கு ஆதரவாகப் பேசி வாக்களித்த செல்வந்தர். நல்ல உடல்நலத்துடன் தம் பண்ணையைத் திறம்பட நடத்தி வருபவர். நாள் நெருங்க நெருங்க அவரிடம் ஒரு மாற்றம். தமக்கு உண்மையில் ஒரு வயது குறைவு என்று சொல்லத் தொடங்குகிறார்.

அந்தப் பொய்யைப் படிக்கும்போது முதலில் சிரிப்பு வருகின்றது. பின்னர் அச்சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்கின்றது. நேர்மைக்குப் பேர்போன ஒரு மனிதர், தம் வாழ்நாளில் முதன்முறையாக, ஓர் ஆண்டுக்காகப் பொய் சொல்கிறார். நெவர்பெண்டை வருத்துவது நண்பரின் சாவு அன்று, நண்பரின் பொய். முதலாமவராகச் செல்லும் பெருமையை இவர் ஏன் இழக்கப் பார்க்கிறார் என்று அவருக்கு விளங்கவே இல்லை. நண்பரின் மகளைத் தம் மகன் காதலிப்பதும், தம் மனைவி இத்திட்டத்தை அடுக்களையிலிருந்தே எள்ளுவதும் அவருக்கு உலக நன்மையை அறியாத சிறுபிள்ளைத்தனங்களாகத் தோன்றுகின்றன. கிராஸ்வெல்லர் ஒருவாறு மனந்தேறி, வாக்குத் தவறலாகாது என்று வண்டியேறிச் செல்லும்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்து, தன் மாபெரும் பீரங்கியைக் காட்டி, சட்டத்தை நிறுத்துகின்றது. தலைவர் அதே கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். பயணத்தில் உட்கார்ந்து இந்நூலை எழுதுகிறார். கடைசிவரை மனம் மாறவில்லை.

நாவலின் முடிவு எனக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு தார்மிகச் சிக்கலைப் பீரங்கியால் அவிழ்ப்பது பேரரசுக் காலத்துக்கே உரிய சோம்பல். நாகரிகம் கற்பிக்க எப்போதும் ஒரு பிரிட்டிஷ் கப்பல் வந்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கையை, அக்கப்பல்கள் வந்துபோன துறைமுகங்களின் மக்களாகிய நாம் பகிர்ந்துகொள்வதற்கில்லை. டிரொலோப்பே இத்திட்டத்தைக் கேலியாக அன்றி உண்மையாகவே கருதினார் என்று சொல்லப்படுவதும் உண்டு. அவர் 1815 ஏப்ரலில் பிறந்து 1882 டிசம்பரில், ஏறத்தாழ தாம் நிர்ணயித்த வயதிலேயே, நோயுற்று இறந்தார். தற்செயல்தான், எனினும் இந்நூலைக் கையில் எடுக்கும் எவரும் ஒருகணம் அக்கணக்கைப் போடாமல் இருப்பதில்லை.

பிரிட்டானுலாவின் தவறு எங்கே இருக்கின்றது? மக்கள் கேட்கப்படவில்லை என்று கூற முடியாது. கேட்கப்பட்டார்கள், வாக்களித்தார்கள். ஆனால் முப்பது வயதுக்காரர், தாம் ஒருநாள் ஆகப்போகும் அறுபத்தேழு வயதுக்காரரின் உயிரை ஈந்தார். இளையவர் முதியவரைக் கொடுத்தார். பெயர் ஒன்றானாலும் ஆள் வேறு.

ஹஜ்ஜுப் பெருநாள் தோறும் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் தியாகத்தைப் பற்றி நாம் கேட்கிறோம். தந்தையின் கீழ்ப்படிதலைப் பேசாத குத்பா இல்லை. ஆனால் கனவைக் கண்ட தந்தை, கத்தியை எடுப்பதற்கு முன்னர், மகனிடம் அதனைச் சொல்லி, உன் கருத்தென்ன என்று வினவியதை அல்குர்ஆன் அஸ்ஸாஃப்பாத் அத்தியாயத்தில் வெளிப்படையாகப் பதிவு செய்கின்றது. இறைக்கட்டளை என்று உறுதியாக அறிந்த ஒரு தூதர் கேட்கிறார். மகன் தம் வாயால் இணங்குகிறார். தியாகம் செய்தவர் இருவர் என்பது அக்கேள்வியால்தான் நிலைபெறுகின்றது; அது இல்லையேல் மகன் வெறும் பலிப்பொருளாகியிருப்பார். இறுதியில் அவ்வுயிர் எடுக்கப்படவும் இல்லை. தமிழில் 'பலி கொடுத்தல்' என்றும் 'தியாகம் செய்தல்' என்றும் இரு வழக்குகள் இருக்கின்றன. ஒன்றில் கொடுப்பவர் வேறு, கொடுக்கப்படுபவர் வேறு. மற்றதில் இருவரும் ஒருவரே. நம் அரசியல் மேடைகளில் முன்னதற்குப் பின்னதன் பெயரைச் சூட்டுவது நாள்தோறும் நடக்கும் மோசடி.

கேட்பதற்கு நேரமில்லை, இயற்கையே அப்படி ஆணையிடுகின்றது என்று வாதிடும் புனைவுகளும் உண்டு. அவற்றுள் மிகப் புகழ்பெற்றது டொம் கொட்வின் 1954இல் எழுதிய 'தண்ணெனும் சமன்பாடுகள்'. தொலைதூரக் கோளில் காய்ச்சலால் மடியும் சிலருக்கு மருந்து கொண்டுசெல்லும் சிறுகலம். ஒருவரின் எடைக்கு மட்டுமே எரிபொருள். அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஓர் இளம்பெண் கள்ளத்தனமாக ஏறிவிடுகிறாள். எடை கூடினால் கலம் இறங்காது, எல்லாரும் சாவர். விமானி இரக்கமுள்ளவர், பெண்ணும் ஒரு பாவமும் அறியாதவள். அவள் தானாகவே நடந்து சென்று வெளியேற்று அறையில் நிற்கிறாள். வாசகர் கண்கலங்காமல் இதைப் படித்து முடிப்பது கடினம். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டபின் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: ஒரு துளி எரிபொருளும் மிச்சமில்லாமல் அக்கலத்தை வடிவமைத்தவர் யார்? கதவுக்கு ஒரு பூட்டுக்கூட இல்லையா? கொட்வின் அப்பெண்ணைக் காப்பாற்றும் வழிகளையே மீண்டும் மீண்டும் எழுதி அனுப்பியதாகவும், சஞ்சிகை ஆசிரியர் ஜோன் காம்பல் அவள் சாகும்வரை கதையைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததாகவும் இலக்கிய வரலாறு கூறுகின்றது. அவளைக் கொன்றது இயற்பியல் அன்று. ஓர் ஆசிரியரின் மேசை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இதே கலத்தை, கடலில் மிதக்கும் கப்பலாக, ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்திருக்கிறார். 1111இல் மறைந்த அவர் தம் இறுதி ஆண்டுகளில் எழுதிய 'அல்-முஸ்தஸ்ஃபா'வில், மஸ்லஹா எனும் பொதுநலனை எந்த எல்லைவரை சட்ட ஆதாரமாகக் கொள்ளலாம் என்று விவாதிக்கும்போது இவ்வெடுத்துக்காட்டு வருகின்றது. கப்பல் மூழ்கப்போகின்றது. ஒருவரைக் கடலில் எறிந்தால் மற்றவர் பிழைப்பர்; இல்லையேல் அனைவரும் மூழ்குவர். சீட்டுக் குலுக்கி ஒருவரை எறியலாமா? கூடாது என்கிறார் இமாம். பட்டினியில் சிக்கிய கூட்டம் சீட்டுப் போட்டு ஒருவரைத் தின்று பிழைக்கலாமா? அதுவும் கூடாது. ஓர் உயிரைப் பொதுநலனின் பெயரால் விலையாகக் கொடுக்க அவர் மூன்று நிபந்தனைகளை விதிக்கிறார். தேவை உயிர்நிலையானதாக இருக்க வேண்டும். விளைவு ஐயத்துக்கிடமின்றி உறுதியாக இருக்க வேண்டும். சமுதாயம் முழுமையையும் தழுவியதாக இருக்க வேண்டும். எதிரி நம் கைதிகளைக் கேடயமாக நிறுத்திக்கொண்டு முழுச் சமுதாயத்தையும் அழிக்க வரும் நிலையை மட்டுமே அவர் எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். கப்பலில் இருப்போர் எண்ணிக்கைக்குட்பட்ட ஒரு குழுவினர்; அவர்கள் 'அனைவரும்' அல்லர். பலர் என்பதும் பொது என்பதும் ஒன்றல்ல என்ற இந்த நுட்பமான வேறுபாட்டை, பெரும்பான்மைக் கணக்கிலேயே ஊறிப்போன நம் காலம் புரிந்துகொள்ளத் திணறும். 1884இல் மிக்னொனெட் கப்பல் வழக்கில், பசியால் கப்பல் சிறுவனைக் கொன்று உண்ட மாலுமிகளுக்கு எதிராக ஆங்கில நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் அடிப்படையில் இதே திசையில்தான் சென்றது.

இமாம் கஸ்ஸாலியின் நிபந்தனைகளோடு அணுகும்போது கஸுவோ இஷிகுரோவின் 'என்னைப் போகவிடாதே' (2005) புதிய கனத்துடன் விரிகின்றது. இது எதிர்காலத்தில் அன்றி, வேறு விதமாக நடந்துமுடிந்த ஓர் இங்கிலாந்தில், 1990களின் இறுதியில் நிகழ்வதாக எழுதப்பட்டுள்ளது. உறுப்புகளை வழங்குவதற்கென்றே உருவாக்கி வளர்க்கப்பட்ட படிப்பிள்ளைகள். ஹெயில்ஷம் என்ற அழகிய விடுதிப் பள்ளி. ஓவியம், கவிதை, விளையாட்டு. வளர்ந்தபின் ஒவ்வோர் உறுப்பாகக் கொடுத்து, மூன்றாம் அல்லது நான்காம் முறையில் 'நிறைவடைவர்'. சாவு என்ற சொல்லே அங்குப் பயன்படுவதில்லை. கொடுத்தலுக்கு 'நன்கொடை' என்று பெயர். இஷிகுரோ குரலை உயர்த்துவதே இல்லை. கேத்தி என்ற பெண் மிகச் சாதாரணமான பள்ளி நினைவுகளைச் சொல்லிக்கொண்டே போகிறாள். எவரும் தப்பியோடுவதில்லை, ஏன் ஓடவில்லை என்று பல வாசகர் எரிச்சலுற்றிருக்கின்றனர். சிறுவயதிலிருந்தே 'நன்கொடை' என்ற சொல்லை ஊட்டி வளர்க்கப்பட்டவருக்கு, தம்மிடமிருந்து பறிக்கப்படுகிறது என்ற வாக்கியத்தை அமைக்கவே மொழி கிடைக்காது. புற்றுநோயைக் குணமாக்கக் கற்றுக்கொண்ட சமூகத்தைத் திரும்பவும் புற்றுநோய்க்குள் போ என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறது அவ்வுலகம். இதனைவிட வலுவான மஸ்லஹா வாதம் இருக்க முடியாது. இதனைவிடப் பொய்யானதும் இருக்க முடியாது.

கேட்காமல் எடுப்பதன் கொடுமை இவ்வாறு எனில், பணிவாகக் கேட்டு எடுப்பது எப்படி இருக்கும்? ஜப்பானிய இயக்குநர் ஹயகாவா சியேவின் 'திட்டம் 75' (2022) எனும் திரைப்படம் இதற்கான விடை. கான் விழாவில் முதற்பட இயக்குநருக்கான பிரிவில் சிறப்புக் குறிப்புப் பெற்ற படம். மிக அருகிலுள்ள ஒரு நாளில், 75 வயது நிரம்பியோர் விரும்பினால் அரசின் செலவில் வலியின்றி இறக்கலாம் என்று சட்டம் இயற்றப்படுகின்றது. கட்டாயம் ஏதுமில்லை. கைச்செலவுக்கு ஓர் இலட்சம் யென் தரப்படும். இன்முகத்துடன் படிவம் நிரப்பித் தரும் இளைஞர்கள், விளம்பரப் பலகைகள், தொலைபேசியில் ஆறுதலாகப் பேசும் பெண்கள். நெவர்பெண்ட் இதைக் கண்டிருந்தால் தம் பீரங்கிச் சங்கடம் எதுவுமின்றித் திட்டம் நிறைவேறியதை எண்ணி மகிழ்ந்திருப்பார்.

மிச்சி என்ற 78 வயது மூதாட்டி விடுதி அறைகளைத் துப்புரவு செய்து பிழைப்பவர். பைஷோ சியேகோ என்ற மூத்த நடிகை இப்பாத்திரத்தை ஏற்றிருக்கிறார். அவருடைய கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். உடன் பணிபுரிந்த முதியவர் ஒருவர் வேலையில் மயங்கி விழவே, முதியோர் அனைவரும் நீக்கப்படுகின்றனர். வேறு வேலை கிடைக்கவில்லை. குடியிருக்கும் வீட்டையும் இழக்க வேண்டியிருக்கின்றது. தனித்து வாழும் வேலையற்ற மூதாட்டிக்கு வீடு தருவோர் இல்லை. எவரும் அவரைச் சாகச் சொல்லவில்லை. வாழ்வதற்கான கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மரியாதையுடன் சாத்தப்படுகின்றன, அவ்வளவுதான். திறந்திருக்கும் ஒரே கதவில் 'உங்கள் விருப்பம்' என்று எழுதியிருக்கின்றது. ஹகீமின் மருத்துவருக்குக் கயிற்றைக் காட்டிக் கேட்டார்கள். இங்கே கயிறு கண்ணுக்குத் தெரியாதபடி செய்யப்பட்டிருக்கின்றது.

ஆகவே கேட்டல் மட்டும் போதாது. இல்லை என்று சொன்னபின் உட்கார ஓர் இடம், உண்ண ஒரு கவளம், பேச ஓர் ஆள் இருந்தால்தான் ஆம் என்பதற்குப் பொருளுண்டு. இது திரைப்படக் கற்பனை என்று ஒதுக்கவும் இயலாது. 2020 மார்ச்சில், பெருந்தொற்று இத்தாலியின் வடக்கைத் தாக்கியபோது, அந்நாட்டு மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் வெளியிட்ட பரிந்துரை, தீவிர சிகிச்சைக்கு வயது வரம்பு வகுக்க நேரிடலாம் என்று குறிப்பிட்டது. கையறு நிலையில் நின்ற அம்மருத்துவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. உண்மையாகவே மூழ்கும் கப்பலில் நின்றவர்கள் அவர்கள். ஆயினும் படுக்கைகளின் எண்ணிக்கை வானத்திலிருந்து இறங்கியதன்று. கொட்வினின் கலத்தைப் போலவே, மிச்சம் எதுவும் வைக்காமல் அதனைத் திட்டமிட்டவர்கள் முன்னரே எங்கோ இருந்திருக்கிறார்கள்.

இப்படைப்புகள் யாவும் தனி ஒருவர் எல்லாருக்கும் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்ற கணக்கையே போடுகின்றன. அக்கணக்கைக் கண்டிக்கும் படைப்புகளும் அதன் மொழியிலேயே பேசுகின்றன. நம் ஃபிக்ஹில் இதற்கு எதிர்த்திசையில் ஓடும் ஒரு கணக்கு உண்டு. ஒருவர் இறந்துவிட்டால் அவரைக் குளிப்பாட்டுவதும், கஃபனிடுவதும், அவருக்காகத் தொழுவதும், அடக்குவதும் ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் அனைவரின் கடனும் தீரும். எவரும் செய்யாவிடில் ஊர் முழுதும் குற்றவாளி. இனி எவருக்கும் எப்பயனும் தர இயலாத ஓர் உடலுக்கு முழுச் சமுதாயமும் கடன்பட்டு நிற்கின்றது. நிர்ணயிக்கப்பட்ட காலத்தையோ சமன்பாடுகளையோ வகுத்தவர்கள் எவரும் இவ்வரவைத் தம் ஏட்டில் எழுதவில்லை.

'திட்டம் 75'இல் மட்டும் இதன் சாயல் ஓரிடத்தில் தென்படுகின்றது. இயக்குநர் இதனை எந்தச் சமய நோக்கில் அமைத்தார் என்பதன்று என் அக்கறை. ஹிரோமு என்ற இளைஞன் இத்திட்டத்துக்கு ஆள்சேர்க்கும் அரசுப் பணியாளன், திறமையானவன், இனிமையாகப் பேசுபவன். ஒருநாள் அவன் மேசைக்கு முன் வந்து அமரும் விண்ணப்பதாரர், பல ஆண்டுகளாகக் காணாத அவனுடைய சொந்தச் சிற்றப்பா. அதன்பிறகு அவன் தன் அலுவலகத்தின் தாள்களை வேறு கண்ணுடன் பார்க்கத் தொடங்குகிறான். கூட்டாக எரியூட்டப்படுவோரின் சாம்பலைக் கையாளும் நிறுவனம், தொழிற்சாலைக் கழிவுகளைக் கையாளும் நிறுவனம் என்பது அவனுக்குத் தெரியவருகின்றது. சிற்றப்பாவைத் தானே வண்டியில் கொண்டுபோய் விடுகிறான். திரும்பும் வழியில் மனம் தாளாமல் மீண்டும் விரைகிறான். பிந்திவிடுகின்றது.

பத்து இலட்சமாவது ஆண்டின் நிலவியலாளர் தம் கையிலிருந்ததற்குப் பெயர் தெரியாமல் நின்றார். ஹிரோமு, எவருடையது என்று நன்கறிந்த ஓர் உடலைப் படுக்கையிலிருந்து தூக்குகிறான். அது கனக்கிறது; நழுவுகிறது; அங்குப் பணிபுரியும் பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெண் ஒருத்தி ஓடிவந்து கைகொடுக்கிறாள். இருவருமாகச் சேர்ந்து அதனை வண்டியில் கிடத்துகின்றனர். தனியாக எரியூட்ட ஓர் இடம் தேடி அவன் வண்டியைக் கிளப்புகிறான்.